தோட்டத்தை இழந்த தாவர அறிஞர்

சளி பிடித்தால் நீலகிரித் தைலத்தைத் தேடாத வீடு நம்மிடையே அரிது. அத்தைலத்தைத் தரும் மரமோ நீலகிரிக்கு உரியதன்று; ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியே அதன் தாயகம். யூகலிப்டஸ் எனப்படும் அவ்வின மரங்களின் பெருமையை உலகறியச் செய்தவர்களுள் தலையாயவர் பெர்டினாண்டு வான் மியூலர் என்னும் ஜெர்மானியர்.

1825-இல் ராஸ்டாக் நகரில் பிறந்த மியூலர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். மருந்தாளர் தொழில் பயின்று, கீல் பல்கலைக்கழகத்தில் தாவர ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் 1847-இல் தம் சகோதரியர் இருவருடன் கடல் கடந்து அடிலெய்டு நகரை அடைந்தார். ஈராண்டுகளில் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார்.

1853-இல் விக்டோரியா அரசாங்கம் அவரைத் தாவரவியலாளராக நியமித்தது. மலைகளிலும் காடுகளிலும் குதிரைமீது அலைந்து அவர் சேர்த்த செடிகொடிகள் எண்ணிறந்தவை. ஆஸ்திரேலியத் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தாமே இயற்ற வேண்டும் என்பது அவர் கனவு. ஆயினும் அப்பணி இங்கிலாந்திலிருந்த ஜார்ஜ் பெந்தமிடம் சென்றது. பெந்தம் ஆஸ்திரேலிய மண்ணை மிதித்ததே இல்லை. மியூலர் மனம் புழுங்கினாரேனும், தாம் தொகுத்தவற்றையெல்லாம் கப்பலேற்றி அனுப்பி உதவினார். 1863 முதல் 1878 வரை ஏழு தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது.

1857 முதல் மெல்போர்ன் தாவரத் தோட்டத்தின் தலைவராகவும் அவர் விளங்கினார். அவருக்குத் தோட்டம் என்பது ஒரு கல்விச்சாலை. உலகெங்கும் விதைகளை அனுப்பினார். வந்த விதைகளை நட்டு ஆராய்ந்தார். நகர மக்கள் விரும்பியவையோ புல்வெளியும் பூம்பாத்தியும் நீரூற்றும். குறைகூறல் வலுக்கவே, 1873-இல் தோட்டம் அவர் கையைவிட்டுப் போயிற்று. அடுத்து வந்த வில்லியம் கில்பாயில் அதனைக் கண்கவர் பூங்காவாக்கினார்.

மக்கள் அழகை விரும்பியது பிழையன்று. ஆனால் அறிவுக்கு அங்கே இடம் குறைந்தது இழப்பே. அந்த இழப்பால் மியூலர் சோர்ந்து அமரவில்லை. அரசாங்கத் தாவரவியலாளர் பதவியில் இருந்தபடியே, 1896-இல் இறக்கும்வரை எழுதினார். இல்லறம் ஏற்காத அவருக்கு ஆராய்ச்சியே குடும்பமாயிற்று. அவர் நிறுவிய, பாடம்செய்த தாவரங்களின் காப்பகத்தில் இன்று சுமார் 15 இலட்சம் மாதிரிகள் உள்ளன.

வந்து சேர்ந்த மண்ணின் புல்லையும் பூண்டையும் பெயர் சொல்லி அறிந்தவர் அவர். பிழைப்பை நாடி அயலூரில் வாழும் நாம், நம் குடியிருப்பின் வாசலில் நிற்கும் மரத்தின் பெயரையேனும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோமா?