சாமைச் சோறும் சரித்திரமும்

சரித்திரம் தேடிப் போகிறவன் வயிற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. இந்த உண்மை எனக்கு நாகலூரில், பகல் இரண்டு மணிக்கு விளங்கிற்று.

அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள் சகிதம் ஒரு சனிக்கிழமை காலை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் புறப்பட்டேன். "ஏரியில் படகு விட எல்லோரும்தான் போகிறார்கள், நாம் சரித்திரம் பார்க்கப் போகிறோம்" என்று முதல் நாளே அறிவித்திருந்தேன். அந்த அறிவிப்புக்கு வீட்டில் அப்படியொன்றும் வரவேற்பு இல்லை. பையன் மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் உரக்க எண்ணி என்னை ஆதரித்தான்.

முதலில் தேவாலயத்துக்குப் போனோம். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தவர் அவர். இந்த நாட்டில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்ற கணக்கையே அந்த ஒரு கல் மாற்றிவிட்டது. மண்ணியல் துறை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டிலும் வசித்த ஃபூட், 1912-இல் காலமானார்.

சேர்வராயன் மலையிலும் கற்கோடரிகள் அகப்பட்டன. இவை புதிய கற்காலத்தவை, வழவழவென்று தீட்டப்பட்டவை. ஆனால் இவற்றை முதலில் மதித்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்ல. மலை மக்கள் அந்தக் கற்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து பிள்ளையார் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். செய்தவன் யார் என்று தெரியாமலே அவன் கைவேலைக்குச் செய்த மரியாதை அது. ஃபூட் சேகரித்த கற்கருவிகள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கோயிலானாலென்ன, அருங்காட்சியகமானாலென்ன? இரண்டும் காப்பாற்றத்தானே செய்தன!

அடுத்து, 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில். குனிந்துதான் குகைக்குள் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயரும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். இங்குள்ள பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். "அப்படியானால் கேரளத்துக்காரர்களா?" என்று பெண் கேட்டாள். இல்லை, அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து, மூத்தவர் இந்த மலையிலும், மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கிவிட்டதாக அவர்களுடைய கதை சொல்லுகிறது.

அங்கிருந்து நாகலூர் போகும் வழியெல்லாம் காப்பித் தோட்டங்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களின்மேல் மிளகுக் கொடி. மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பியா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இங்கே காப்பியைப் பயிராக்கினார். மிளகு ஒன்றுதான் நம் பக்கத்துச் சரக்கு.

நாகலூரில் சரித்திரம் போதும், சாப்பாடு வேண்டும் என்று குழந்தைகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். விசாரித்ததில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் நின்ற மூதாட்டி எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்தானுங்க இருக்குது. உங்களுக்கு ஆகுமுங்களா?"

அந்தக் கேள்வியில் இருந்த கூச்சம் என்னை என்னவோ செய்தது. தன் வீட்டு அடுப்பில் வெந்ததற்கு அவள் ஏன் மன்னிப்புக் கேட்பதுபோல் பேச வேண்டும்?

இலையில் சோறு விழுந்தது. குழந்தைகள் தயங்கினார்கள். அம்மாதான் முதலில் கை வைத்தாள். ஒரு கவளம் உண்டாள். பிறகு நிமிராமலே, "கல் திரிகையிலே அரைச்சு உமி நீக்கினீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. அப்புறம் உரல்லே குத்தி, முறத்திலே புடைச்சு..."

"எங்கம்மாவும் அப்படித்தான் செய்வாள்" என்றாள் அம்மா.

நான் திடுக்கிட்டேன். நாற்பது வருஷங்களுக்கு மேலாக அம்மாவோடு இருக்கிறேன். இந்த விஷயம் எனக்குத் தெரியாது. நெல்லுச் சோறு பண்டிகைக்கு மட்டுந்தானாம். மற்ற நாளெல்லாம் சாமையும் கேழ்வரகுக் களியுந்தானாம். கல்யாணமாகி வந்த வீட்டில் சொன்னால் இளப்பமாக நினைப்பார்களே என்று அவள் வாயைத் திறக்கவே இல்லை.

சாமை இந்தியாவிலேயே பயிர்த்தொழிலுக்கு வந்த தானியம். ஹரப்பா மக்களும் அதைப் பயிரிட்டதாக அகழ்வாராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். மானாவாரி நிலத்தில், சில மாதங்களில் விளையும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. நகரத்துக் கடைகளில் சாமை இன்று அழகான பைகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதைக் குத்திப் புடைத்துக் காப்பாற்றிய கைகளுக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை.

பிறர் செய்த கல்லைக் கும்பிட்ட மக்களை வியந்துகொண்டு வந்தவன் நான். என் அம்மாவின் அம்மா குத்திய உலக்கையைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"பாட்டி, உங்கள் அம்மா வேறு என்னென்ன செய்வாள்?" என்று பெண் ஆரம்பித்தாள். அம்மா சொல்லத் தொடங்கினாள். மலையிறங்கி வரும்போது பையன் வளைவுகளை எண்ணவில்லை. அவனும் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.