பழைய காமிராக்களில் ஷட்டர் வேகம் அமைத்தல்: ஒரு விதியும் அதன் எல்லையும்

பழைய யந்திரக் காமிராக்களைக் கையாள்வோரிடையே, முதலில் பிலிமை நகர்த்தி ஷட்டருக்கு முறுக்கேற்றிய பின்னரே வேகக் குமிழைத் தொட வேண்டும் என்னும் விதி வேதவாக்கைப் போல வழங்கி வருகிறது. அவ்விதி பிறந்த வம்சத்துக் காமிராக்களைப் பொறுத்தவரை அது முற்றிலும் நியாயமானது. ஆயினும், அதன் காரணத்தை அறியாமல் எல்லாக் காமிராக்களுக்கும் அதைப் பொதுவாக்குவோமானால், ஒரு வகைக் கருவியைக் காக்கும் உபதேசமே வேறொரு வகைக் கருவிக்கு ஊறு விளைவிக்கும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் தொழிற்சாலையில் ஆஸ்கர் பார்னாக் வகுத்தமைத்து, 1925-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லைக்காவின் ஷட்டர், பிலிமுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு துணித்திரைகளால் ஆனது. முதல் திரை ஓடிப் பிலிமைத் திறக்கிறது. இரண்டாம் திரை அதைத் தொடர்ந்து ஓடி மூடுகிறது. எந்த வேகத்தை அமைத்தாலும் திரைகள் ஓடும் விரைவு ஏறத்தாழ ஒன்றேயாக இருக்க, மாறுவது அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பிளவின் அகலமே. இரண்டாம் திரையை எந்தக் கணத்தில் விடுவிப்பது என்பதை நிர்ணயிக்கும் வேகக் குமிழோ, திரைகளை இழுக்கும் பிரதான உருளையின் அச்சோடு பிணைந்து, முறுக்கேற்றும்போது ஒரு பக்கமும் படமெடுக்கும்போது மறு பக்கமும் தானும் சுழல்கிறது. ஆகவே, முறுக்கேறாத நிலையில் குமிழின் எண்கள் குறிமுள்ளுக்கு நேரே நிற்பதில்லை. அப்போது படிக்கும் எண் பொய்யெண். படமெடுக்கும் கணத்தில் விரல் அந்தக் குமிழை உரசினாலும் திரையின் ஓட்டம் தடைப்படும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

லைக்காவில் முறுக்கேற்றுமுன் வேகத்தை அமைக்கும் தவற்றின் விளைவு பெரும்பாலும் ஒரு படம் வீணாவதோடு நின்றுவிடும். 1933-இல் வந்த லைக்கா III-இல் மெதுவேகங்களைக் காமிராவின் முகப்பிலுள்ள தனிக் குமிழுக்குப் பிரித்துவிட்டமையால் ஆபத்து அங்கும் குறைவு. அதே வம்சத்தில் சோவியத் நாட்டில் தோன்றிய ஸோர்க்கி-4, ஃபெட்-3 முதலியவற்றிலோ, ஒரு வினாடி முதற்கொண்டு எல்லா வேகங்களையும் ஒரே குமிழில் அடக்கியிருப்பதால், முறுக்கேற்றாமல் அதைத் திருப்புகிறவர் உள்ளேயிருக்கும் தாமதப் பொறியின் உறுப்புகளைப் பொருந்தாத நிலையில் ஒன்றோடொன்று மோதவிடுகிறார்; காமிரா அப்படியே சிக்கிக்கொள்ளவும் கூடும். நம் விதியின் முழு வலிமையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் லைக்கா எம்3, சுழலாத குமிழைப் பெற்று, முறுக்கேற்றுமுன்னும் பின்னும் வேகத்தை மாற்ற இடந்தந்தபோது, அக்காமிராவுக்கு அவ்விதியின் அவசியமே இல்லாமற் போயிற்று.

இனி, லென்ஸுக்குள் மெல்லிய உலோக இதழ்கள் திறந்து மூடும் ஷட்டர்களைப் பார்ப்போம். மியூனிக்கில் ஃப்ரீட்ரிக் டெக்கல் நிறுவனம் செய்த காம்ப்பூர்-ராபிட் ஷட்டரில், 1/500 என்னும் உச்சவேகத்துக்கு மட்டும் கூடுதலான ஒரு சுருள்வில் துணைக்கு வருகிறது. முறுக்கேறிய பின் அந்த வேகத்துக்குத் திருப்ப முயல்வது, விறைத்து நிற்கும் வில்லோடு மல்லுக்கு நிற்பதாகும்; ஆதலால், இவ்வகை ஷட்டர் பொருத்திய ரோலிஃப்ளெக்ஸ் முதலான காமிராக்களில் 1/500-ஐ முறுக்கேற்றுமுன்பே அமைத்துவிட வேண்டும். திரை ஷட்டருக்குரிய விதியை நினைவில் கொண்டு இங்கே வலுக்கட்டாயமாகத் திருப்புகிறவர், விதிக்குக் கட்டுப்பட்டே கருவியைக் கெடுக்கிறார். இவ்விரு கட்டளைகளும் வெளிப்பார்வைக்கு முரண்பட்டாலும், உறுப்புகள் உரிய ஸ்தானத்தில் இல்லாதபோது அவற்றை நகர்த்தலாகாது என்னும் ஒரே தத்துவத்திலிருந்து கிளைத்தவையே.

வேகத்தை முறைப்படி அமைத்துவிட்டால் குமிழ் காட்டும் எண் மெய்யாகிவிடுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு எளிய கணக்கொன்று போதும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சட்டகத்தைத் திரை 1/50 வினாடியில் கடப்பதாகக் கொள்வோம். அப்போது 1/1000-க்கு வேண்டிய பிளவு 1.8 மில்லிமீட்டர், 1/60-க்கோ 30 மில்லிமீட்டர். எண்ணெய் உலர்ந்து முதல் திரை சற்றே தளர்ந்தோட, இரண்டாம் திரை அதை நெருங்கிப் பிளவு 0.9 மில்லிமீட்டர் குறுகுமானால், 1/60-இல் குறையும் ஒளி நூற்றில் மூன்று பங்குதான். 1/1000-இலோ ஒளி பாதியாகிவிடுகிறது. தளர்ச்சி இன்னும் மிகுந்தால் பிளவு வழியிலேயே மூடிக்கொள்ள, படத்தின் ஒரு புறம் இருண்டு போகிறது. பழுதுபார்ப்போரிற் சிலர் இதற்குப் பரிகாரமாகச் சுருள்வில்லை மேலும் இறுக்கிவிடுகிறார்கள். அழுக்கை அகற்றாமல் விசையை மட்டும் கூட்டும் இந்த வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அது திரைக்கும் அச்சுக்கும் வீண்பாரத்தை ஏற்றுவதே.

மெதுவேகங்களின் கதை வேறு. அவை பிளவின் அகலத்தை நம்பாமல், இரண்டாம் திரையைத் தடுத்து வைக்கும் பற்சக்கரத் தொகுதியை நம்பியிருப்பவை. பல்லாண்டுப் பழைய மசகு அங்கே பிசினாக இறுகியிருந்தால், ஒரு வினாடி ஒன்றரை வினாடியாகும், அல்லது ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடும். காதால் கேட்டே இதை ஓரளவு கண்டுகொள்ளலாம்.

ஆக, உச்சவேகங்கள் பிளவின் சூக்ஷ்மத்தாலும் மெதுவேகங்கள் மசகின் நிலையாலும் ஐயத்துக்குரியவையாகிவிட, 1/30 முதல் 1/125 வரையிலான இடைவேகங்களே முதிய திரை ஷட்டரில் பெரிதும் நம்பத்தக்கவை என்பது என் துணிபு. ஒளியை மேலும் குறைக்கவோ கூட்டவோ வேண்டின், லென்ஸின் துவாரத்தை மாற்றுவதே விவேகம். நெகடிவ் பிலிம் சிறிது மிகையொளியைப் பொறுத்துக்கொள்ளும்; ஸ்லைடு பிலிம் அவ்வளவு பொறுக்காது.

பழைய காமிராக்களை விற்போருக்கும் செப்பனிடுவோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கருவியோடு அதன் மூலக் கையேட்டின் பிரதி ஒன்றையும், ஒவ்வொரு வேகத்துக்கும் அளந்து கண்ட உண்மையான கால அளவையும் ஒரு சீட்டில் எழுதி, வாங்குபவர் கையில் தவறாமற் கொடுக்க வேண்டுகிறேன்.