சிறார் மீது சிறு வழக்கு: அறியாமையின் விலை

கொடைக்கானல் மலையில் வில்பட்டி போன்றதோர் ஊரில், பதினாறு வயதுச் சிறுவன் சந்தையில் அலைபேசி திருடியதாகவோ அடிதடியில் இறங்கியதாகவோ பிடிபட்டால், 'இனி இவன் வாழ்க்கை அவ்வளவுதான்' என்ற அச்சமே பெற்றோரை முதலில் ஆட்கொள்கிறது. அந்த அச்சத்தில் நீட்டிய காகிதத்தில் கையொப்பமிடுகிறார்கள். இடைத்தரகருக்குக் கடன் வாங்கிப் பணம் தருகிறார்கள். பள்ளியிலிருந்து நிறுத்தி வெளியூர் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவையெல்லாம் எந்தச் சட்டமும் விதிக்காத தண்டனைகள்.

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம், மூன்றாண்டுக்கு மேற்படாத சிறைத் தண்டனைக்குரியவற்றைச் சிறு குற்றங்கள் என்கிறது. சாதாரணத் திருட்டு இதில் அடங்கும். அதே பொருளை ஒரு வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் ஏழாண்டு வரை தண்டனைக்குரியதாகி, அடுத்த வகைக்குப் போய்விடும். சிறு குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை பதியக்கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும் என்கின்றன மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள். பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமெனில் இந்தச் சலுகை இல்லை. சிறுவர்கள் பெரும்பாலும் யாரோ ஓர் 'அண்ணன்' பின்னால்தான் போகிறார்கள் என்பதால் இந்த விதிவிலக்கு சிறியதன்று.

சிறுவனைக் காவல் நிலைய அறையில் அடைக்கக்கூடாது; கைவிலங்கு கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பிணை என்பதே பொது விதி. மறுப்பதற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். விசாரணைக்கு நான்கு மாதம், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதம். அதற்குள் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு தானாகவே முடிவுக்கு வந்துவிடும். குற்றம் உறுதியானாலும் அறிவுரை, சமுதாய சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கே பெரிதும் வாய்ப்புண்டு.

ஆயினும் ஒரு பொருளியல் ஆசிரியனின் கண்ணில் படுவது வேறு. மலையிலிருந்து திண்டுக்கல் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஒவ்வொரு வாய்தாவும் பூண்டுக் காட்டில் கூலி வேலை செய்யும் தாய்க்கு ஒரு நாள் கூலி இழப்பு. பேருந்துக் கட்டணம் தனி. எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படாத அபராதம் அது. வழக்கறிஞர் செலவையாவது தவிர்க்கலாம்: 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, குடும்ப வருமானம் எதுவாயினும் சிறாருக்கு இலவச உதவி உண்டு.

சட்டம் உண்மையிலேயே கடுமை காட்டுவது வண்டி விஷயத்தில்தான், அதுவும் பெற்றோரிடம். 2019 திருத்தத்தின்படி, சிறுவன் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. சிறுவனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. மலைப்பாதையில் மகனிடம் சாவியை நீட்டுவோர் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

அரசு வேலை பறிபோகுமோ என்ற கேள்விக்கும் விடை உண்டு. சிறு வயது வழக்கு எந்தத் தகுதியிழப்பையும் ஏற்படுத்தாது என்கிறது சட்டத்தின் 24ஆம் பிரிவு. மத்தியப் பாதுகாப்புப் படை ஒன்றில் தேர்வான இளைஞர் தொடர்பான ரமேஷ் பிஷ்னோய் வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வோருக்கும் இது பொருந்தும்.

இத்தனை பாதுகாப்பும் வயதை ஒட்டியதே. கணக்கில் கொள்ளப்படுவது பிடிபட்ட நாள் வயதன்று, சம்பவ நாள் வயது. எனவே காவல் நிலையத்துக்குப் புறப்படும் பெற்றோர் இடைத்தரகரைத் தேடுமுன் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ தேடி எடுத்துக்கொள்வது நல்லது.