துண்டு நிலமும் ஒரே நீரும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் 40 கிலோமீட்டர்கூட இராது. வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்ததும் தமிழ்நாடு. சற்றுப் போனால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. வளவனூரில் மீண்டும் தமிழ்நாடு. சன்னலோரம் அமர்ந்து பார்த்தால் வயலில் ஒரு வேறுபாடும் தெரியாது. அதே நெல், அதே கரும்பு, அதே சவுக்கு. மதுக்கடைகளின் நெருக்கத்தைக் கொண்டுதான் எந்த ஆட்சியில் இருக்கிறோம் என்று ஊகிக்க வேண்டும்.

வரைபடத்தில் புதுச்சேரி வட்டாரம் பூச்சி அரித்த இலை போலக் கிடக்கிறது. பரப்பு 300 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவும் பத்துக்கு மேற்பட்ட துண்டுகள். ஏன் இப்படி ஆயிற்று?

பிரெஞ்சுக்காரர் 1670-களில் இங்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது கடலோரத்தில் ஒரு சிற்றூர்தான். உள்நாட்டுக் கிராமங்கள் பின்னால் வந்தவை. 1749இல் ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையின் துணையால் வென்ற சாந்தா சாகிபு, நன்றிக்காக வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களை டூப்ளேயிடம் ஒப்படைத்தார். பாகூரும் அக்காலத்திலேயே சேர்ந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்நாளில் நிலக்கொடை என்றால் நிலத்தின்மேல் கோடு கிழிப்பதல்ல. வரி வசூலிக்கும் கிராமங்களின் பட்டியலைக் கொடுப்பது. ஓர் ஊர் பட்டியலில் இருக்கும், அடுத்த ஊர் இராது. வரி வாங்குகிறவனுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். 1783 வெர்சேய் உடன்படிக்கை புதுச்சேரியைத் திருப்பித் தந்ததோடு, வில்லியனூர், பாகூர் பகுதிகளையும் பெயர் சொல்லி அதனுடன் சேர்த்தது. ஆக, ஒரு நவாபின் வரிக் கணக்கு ஐரோப்பிய மன்னர்களின் ஒப்பந்தத்தில் ஏறி, அயல்நாட்டு எல்லையாக உறைந்துவிட்டது.

இந்த எல்லையின் முதல் அடி உப்பின்மேல் விழுந்தது. ஆங்கிலேயரின் ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமை. பிரெஞ்சுத் துண்டுகளில் விளைந்த மலிவான உப்பு நூறு சந்துகள் வழியே கசிந்தால் அவர்கள் வருமானம் போய்விடும். ஆகவே 1815 ஒப்பந்தப்படி பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பை விலைக்கு வாங்கும் உரிமையைப் பெற்று, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தர இசைந்தார்கள். 1818இல் உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் செய்தார்கள். நகரின் தெற்கே ஒரு பகுதிக்கு உப்பளம் என்ற பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

எல்லையால் இலாபமும் உண்டு. புதுச்சேரி சுங்கமில்லாத துறைமுகம். அவுரிச் சாயத்தில் தோய்த்த 'கினி' என்னும் நீலத்துணி இங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகால் ஆற்றங்கரைக்குப் போயிற்று. அங்கே பிசின் வாங்க அதுவே நாணயம் போலப் பயன்பட்டது. அதன்பின் நிலக்கடலை. இந்தப் பக்கத்து மக்கள் அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது நாவில் தேய்ந்து வந்த சொல் அது. பிறந்த இடமோ தென் அமெரிக்கா. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மார்சேய் நகரத்துச் சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. தென்னார்க்காட்டின் செம்மண் நிலத்துக்கு மழையை நம்பி விளையும் ஒரு பணப்பயிர் வேண்டியிருந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து இரயில் வந்ததும் ஆங்கிலேயர் பகுதியின் கடலை பிரெஞ்சுத் துறைமுகத்தில் வந்து குவிந்தது. பயிரிட்டவர் ஒரு கொடியின் கீழ், கப்பலேற்றியவர் இன்னொரு கொடியின் கீழ்! 1890-களில் பழைய விதை நலிந்து விளைச்சல் வீழ்ந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புதுவிதையே சாகுபடியை மீட்டது.

1941இல் இரு அரசுகளும் சுங்கத்தை ஒன்றாக்கின. 1949இல் அந்த ஏற்பாடு முறிந்தது. அப்போதுதான் எல்லை வேலியாகவே மாறியது. ஊருக்கு ஊர் சோதனை, கூடவே கடத்தல். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. அயல்நாட்டு எல்லை போயிற்று. துண்டுகள் அப்படியே நின்றன.

இனி நீரைப் பாருங்கள். பாகூர் வேளாண்மை எந்த எல்லையையும்விட மூத்தது. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை அளித்ததைச் சொல்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து நீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். ஆற்று நீரை அதற்குத் திருப்பும் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில். நிரம்ப வேண்டிய ஏரி புதுச்சேரியில். ஊசுட்டேரியின் நிலை இன்னும் விந்தை. 800 எக்டேர் பரப்புள்ள அந்த ஏரியின் நடுவிலேயே எல்லை ஓடுகிறது. 2008இல் புதுச்சேரி தன் பாதியைச் சரணாலயமாக அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடு தன் பாதியை அறிவித்தது. பறவைகளுக்கு இந்த விவரம் எட்டியிராது.

கண்ணுக்குத் தெரியாத நீர் இதைவிடப் பெரிது. 1870-களின் இறுதியில் புதுச்சேரியில் துளையிட்ட கிணறுகளில் நீர் தானாகப் பொங்கி வழிந்தது. ஆர்ட்டீசியன் கிணறு என்பது இதுதான். இந்திய நில ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் இதைப் பற்றி 1880இல் எழுதினார். சென்னைக்கும் இத்தகைய நீர் கிடைக்குமா என்பது அவர் கேள்வி. இது எப்படி நிகழ்கிறது? இப்பகுதியின் அடியில் மணல், களிமண் அடுக்குகள் மாறிமாறி அமைந்து கடலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மேற்கே மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மணலடுக்கில் இறங்குகிறது. மேலும் கீழும் களிமண் மூடியிருப்பதால் அழுத்தம் ஏறுகிறது. மேல்மூடியில் துளையிட்டால் நீர் எழும்புகிறது. 1880-களில் பாகூர்ப் பக்கம் இப்படித் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரியும் தட்டுப்பட்டது. நெய்வேலியின் உறவு அது.

அந்த அழுத்தம் இன்று இல்லை. மின்சார மோட்டார் வந்தபின், ஏரிப் பாசனம் பார்த்த உழவர்களும் ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறினார்கள். ஆண்டில் மூன்று போகம் நெல்லும் கரும்பும் அதில் விளைந்தன. ஏரிகளும் வரத்து வாய்க்கால்களும் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன. வட்டாரத்தில் உள்ள 84 ஏரிகளைச் சீரமைக்க 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஒரு திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கடலோரத்தில் நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் உட்புகும். கரையோரக் கிணறுகள் சில உவர்ப்பாகிவிட்டன. ஒரு ஆட்சி மோட்டாருக்குக் கட்டுப்பாடு விதித்தாலும், வரப்புக்கு அப்பால் இன்னொரு ஆட்சியின் மோட்டார் அதே மணலடுக்கிலிருந்துதான் இறைத்துக்கொண்டிருக்கும்.