சலினாஸ் சிற்றூர் தந்த மருந்து

அறுபதைக் கடந்த என் வயதினர் பலரை வருத்தும் தொல்லை ஒன்று உண்டு. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்திருப்பது பிராஸ்டேட் சுரப்பி. முதுமையில் இது பருத்துக் குழாயை நெருக்கும், சிறுநீர் தடைப்படும், இரவில் உறக்கம் கெடும். இதனை வெளியிற் சொல்லப் பெரியோர் கூசுவர். நெடுங்காலம், குழாய் செருகி நீரை இறக்குதலும் அறுவையுமே இதற்கு வழிகளாக இருந்தன. மருந்து பிறந்த வரலாறு நீங்கள் அறியத்தக்கது.

விதை நீக்கப்பெற்ற விலங்குகளில் இச்சுரப்பி சிறுத்திருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜான் ஹண்டர் என்னும் அறுவை அறிஞர் கண்டார். 1895-இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஒயிட், விதைநீக்கத்தையே முதியோர்க்குச் சிகிச்சையாக எடுத்துரைத்தார். நோயினும் கொடிதான அம்முறை நிலைக்கவில்லை.

வழி பிறந்ததோ எதிர்பாராத ஓரிடத்தில். டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கே சலினாஸ் என்னும் சிற்றூர். அங்கே சில குழந்தைகள் பெண்களென்றே வளர்க்கப்பெற்று, பருவம் எய்தியதும் ஆண் உருவம் பெற்றனர். ஊரார் இதனை அறிவர். அத்தகையோர்க்கென ஒரு பெயரும் வழங்கினர். அமெரிக்க மருத்துவ அறிஞர் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி அம்மையாரும் துணைவரும் அவர்களை ஆராய்ந்து, 1974-இல் காரணத்தை வெளியிட்டனர். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை மேலும் வலியதொரு ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு. அவர்களுடைய பிராஸ்டேட்டோ, வளர்ந்த பின்னும் மிகச் சிறியதாகவே இருந்தது!

அப்படியாயின் விதையை நீக்குவானேன்? நொதியைத் தடுத்தால் போதாதா? இவ்வெண்ணத்தில் மெர்க் நிறுவனத்தார் ஆக்கிய பினாஸ்டிரைடு, 1992-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது சுரப்பியை மெல்லச் சுருக்கும். பயன் தெரியத் திங்கள் பல ஆகும். இதற்கிடையே, ஜெருசலத்தில் மார்க்கோ கெய்ன் என்பார் 1970-களில் வேறு வழி கண்டார். அவ்வழியில் வந்த ஆல்பா தடுப்பு மருந்துகள் சுரப்பியைச் சுருக்குவதில்லை. இறுகிய தசையைத் தளர்த்தி விரைவில் நீர்வழியை எளிதாக்கும். 3,047 ஆடவரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2003-இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டோரை நோக்க, இருவகை மருந்தும் சேர்த்து உண்டோரிடம் நோய் முற்றும் இடர் 66 விழுக்காடு குறைந்தது. தலைச்சுற்றல், இச்சைக் குறைவு போன்ற தீங்குகளும் உண்டாதலால், மருத்துவர் சொல்லின்றி இவற்றை உண்ணலாகாது.

உங்கள் பாட்டனார் இரவில் பன்முறை எழுந்தால், நகையாதீர். கூச்சம் நீக்கி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வேறுபட்டுப் பிறந்தாரைக் கண்டாலும் எள்ளாதீர். அத்தகைய சிலரை அன்று ஒருவர் மதித்து ஆராய்ந்ததனாலன்றோ, இன்று எங்கெங்கோ உள்ள முதியோர் அமைதியாக உறங்குகின்றனர்!