நூறு ரூபாய்க்கும் பெயர் வேண்டும்: தேர்தல் நன்கொடையும் தோட்டத் தொழிலாளரும்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரையுள்ள தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்ப்பவர்களின் கையில் ஒரு கொப்பி இருக்கும். ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் பெயரும் தொகையும் அதில் ஏறும். திருவிழா முடிந்ததும் கணக்குக் கேட்கும் உரிமை பணம் கொடுத்த எல்லோருக்கும் உண்டு. தேர்தல் காலத்தில் அதே லயத்தில் ஒருவர் வேட்பாளருக்குக் கொடுக்கும் பணத்துக்கு இப்படி ஒரு கொப்பி வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இப்போது சட்டம் அதைக் கேட்கிறது.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம்தான் அது. தேர்தல் செலவுக்கு வரம்பு என்பது இலங்கைக்குப் புதிதல்ல. 1946ஆம் ஆண்டின் தேர்தல் விதிகளில் அது இருந்தது. விகிதாசார முறைக்கு மாறியபின் வந்த 1981ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒரு வேட்பாளர் யாரிடம் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு செலவழித்தார் என்று கேட்கச் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

செலவுக்கான உச்ச வரம்பைத் தேர்தல்கள் ஆணைக்குழு ஒவ்வொரு தேர்தலுக்கும் தனித்தனியாக அறிவிக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. ஒரு வேட்பாளருக்கு அது 186 கோடி ரூபாய்க்கும் மேல் வந்தது. 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் சபைக்குச் சபை வரம்பு வேறுபட்டது. நல்லதண்ணி அடங்கும் மஸ்கெலியா பிரதேச சபைக்கும் அப்படியே தனி வரம்பு இருந்தது.

முடிவுகள் வெளியாகி 21 நாட்களுக்குள், வென்றவரும் தோற்றவரும் வரவு, செலவு இரண்டையும் காட்டும் அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். ஜனாதிபதித் தேர்தல் என்றால் ஆணைக்குழுவிடம், மற்றத் தேர்தல்கள் என்றால் மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலரிடம். கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்கும் இதே கடமை உண்டு. ஒப்படைக்காவிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம். 2024 தேர்தல்களுக்குப் பிறகு அறிக்கை கொடுக்காத வேட்பாளர்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன.

காசு மட்டும் நன்கொடையல்ல. இலவசமாகக் கொடுத்த லொறி, ஒலிபெருக்கி, கூட்டத்துக்குச் சமைத்த சாப்பாடு, திருப்பிக் கேட்காமல் விட்ட கடன் ஆகியவையும் கணக்கில் வரவேண்டும். அரச திணைக்களங்கள், அரச கூட்டுத்தாபனங்கள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டு நிறுவனங்கள் ஆகியவற்றிடமிருந்து வாங்கக்கூடாது. யாரென்று தெரியாதவர் கொடுப்பதையும் வாங்கக்கூடாது. கூட்டத்தில் உண்டியல் குலுக்கிச் சேர்க்கும் காசு சிக்கலாவது இங்கேதான்.

சிறிய தொகைக்கு விலக்கு உண்டா?

பல நாடுகள் ஒரு கோடு போட்டிருக்கின்றன. இந்தியாவில் கட்சிகள் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளையே கொடுத்தவர் பெயரோடு தேர்தல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒருவர் மொத்தமாக 200 டொலருக்கு மேல் கொடுத்தால்தான் அவருடைய பெயர் அறிக்கையில் தனியாக வரும். பிரித்தானியாவில் கட்சிகளுக்குக் கொடுப்பதில் 500 பவுண்டும் அதற்குக் குறைவானதும் சட்டத்தின் கண்ணில் நன்கொடையே அல்ல.

இலங்கைச் சட்டத்தில் இப்படி ஒரு கோடு இல்லை. ஒருவர் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்ற உச்ச வரம்பும் இல்லை. நூறு ரூபாய் கொடுத்தவரும் நூறு இலட்சம் கொடுத்தவரும் ஒரே பட்டியலில் நிற்கிறார்கள். கேட்கச் சமத்துவம் போலத் தெரியும். ஆனால் பெயர் வெளியே தெரிவதால் வரும் பயம் இருவருக்கும் ஒன்றல்ல.

தோட்டத்தில் வேலை, வீடு, தண்ணீர், மகனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் என்று எல்லாமே யாரோ ஒருவரின் தயவில் நிற்கின்றன. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதில் 500 ரூபாயை எடுத்து மாற்று வேட்பாளர் ஒருவருக்குக் கொடுக்கும் பெண், தன் பெயர் தோட்டத் தலைவரின் கண்ணில் படுமோ என்று யோசிப்பாள். சிறிய தொகைக்கு மற்ற நாடுகள் விலக்கு வைத்திருப்பதில் இந்தப் பயத்துக்கும் பங்குண்டு. வெளிப்படுத்தல் விதியின் முதல் நோக்கம் பெரிய பணம் யாரை வாங்குகிறது என்று வாக்காளர் அறிவது. ஐந்நூறு ரூபாயால் எந்த வேட்பாளரையும் வாங்க முடியாது.

சந்தா நன்கொடையா?

மலையகத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதச் சந்தாவைத் தோட்ட நிர்வாகம் பிடித்துத் தொழிற்சங்கத்துக்கு அனுப்புகிறது. இங்கே சங்கமும் கட்சியும் இரட்டைப் பிள்ளைகள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தொழிற்சங்கமாகவும் அரசியல் கட்சியாகவும் இயங்குகிறது. தொழிலாளர் தேசிய சங்கத்துக்கும் மலையக மக்கள் முன்னணிக்கும் இதே போன்ற இரட்டை அமைப்பு உண்டு.

இதற்கு விடை 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அரசியல் வேலைக்குச் செலவழிப்பதானால் சங்கம் தனி நிதியம் வைக்கவேண்டும். அதற்கான பணத்தையும் தனியாகத்தான் சேர்க்கவேண்டும். அந்த நிதியத்துக்குப் பணம் கொடு என்று எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆக, சாதாரணச் சந்தாவைத் தேர்தல் நன்கொடையாக மாற்ற முடியாது. அரசியல் நிதியத்திலிருந்து சங்கம் ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தால், அவருடைய அறிக்கையில் சங்கத்தின் பெயர் வரவேண்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேரின் பணம் இருக்கிறது என்பதை அறிய, சங்கத்தின் வருடாந்தக் கணக்கைக் கேட்கவேண்டியிருக்கும்.

நாம் செய்யக்கூடியது

வேட்பாளருக்குப் பணம் கொடுத்தால் திகதி, தொகை, வாங்கியவர் பெயர் போட்ட பற்றுச்சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பொருளாகக் கொடுத்தால் அதன் பெறுமதியையும் எழுதச் சொல்லுங்கள். சங்க உறுப்பினர் என்றால், அரசியல் நிதியம் உண்டா, அதற்கு என் சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்று தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். வேட்பாளர் ஒப்படைத்த அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் நல்லதண்ணியிலிருந்து நுவரெலியா கச்சேரிக்குப் போய்வர ஒரு நாட்சம்பளம் போய்விடும். அறிக்கைகளை மூன்று மொழிகளிலும் இணையத்தில் போடுவதும், சிறிய தொகைக்கு ஒரு விலக்கு வைத்துப் பெரிய தொகைக்கு ஓர் உச்ச வரம்பு விதிப்பதும் சட்டத் திருத்தத்தில் முதலில் வரவேண்டியவை. அதுவரை பெரிய பணம் எங்கிருந்து வந்தது என்று அறிய ஒரு நாள் கூலியை இழக்கவேண்டியவர், ஐந்நூறு ரூபாய்க்குத் தன் பெயரைக் கொடுத்த அதே தொழிலாளிதான்.