சாட்சியம் மறுக்கப்பட்ட மக்கள்
ஆஸ்திரேலியக் குடியேற்ற வரலாற்றில் ஓர் ஆய்வு

ஒரு நாட்டின் வரலாற்றை, அங்கு முதன்முதல் வந்திறங்கிய ஐரோப்பியர் எவர் என்னும் வினாவோடு தொடங்குவது பழைய பாடநூல்களின் வழக்கம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைப் பொறுத்தவரை 1770-ல் ஜேம்ஸ் குக், 1788-ல் ஆர்தர் பிலிப் என விடை கூறப்பட்டது. அவர்களுக்கு முன்பே அந்நிலத்தில் வாழ்ந்த மக்களின் சொல் ஏன் செவிமடுக்கப்படவில்லை என்பது திருச்சபை வரலாற்றைப் பயில்வோர் ஆராய வேண்டிய வினாவாகும். ஏனெனில் அச்சொல்லைத் தடுத்து நிறுத்தியது கடவுளின் பெயரால் செய்யப்படும் சத்தியப் பிரமாணமே.

1. முதற்குடிகள்

பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது ஆஸ்திரேலியா, நியூகினி, டாஸ்மேனியா ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன. ஆயினும் அதற்கும் ஆசியாவுக்கும் இடையிலிருந்த ஆழ்கடல் ஒருபோதும் வற்றியதில்லை. ஆகவே அங்குச் சென்ற முதல் மக்கள் கடலைக் கடந்தே சென்றிருத்தல் வேண்டும். வட பகுதியிலுள்ள மஜெட்பெபெ பாறைக் குகையின் கருவிகள் ஏறத்தாழ 65,000 ஆண்டுப் பழைமையுடையன என 2017-ல் அறிவிக்கப்பட்டது. குடியேற்றம் 50,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதன்று எனக் கருதும் அறிஞரும் உளர். வறண்டுபோன மங்கோ ஏரிக்கரையில் 1968-ல் ஒரு பெண்ணின் எரியூட்டப்பட்ட எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவள் வாழ்ந்தது சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பாகும். இறந்தோருக்கு ஈமச்சடங்கு செய்த சமுதாயம் அன்றே அங்கிருந்தது என்பது இதனால் தெளிவாகின்றது. 1788-ல் அக்கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின.

2. பின்வந்தோர்

பின்வந்தோர் அனைவரும் நிலத்தைக் கைப்பற்ற வந்தவரல்லர். சுலாவெசித் தீவின் மக்காசர் துறைமுகத்திலிருந்து கடல் அட்டை பிடிப்போர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வட கரைக்கு ஆண்டுதோறும் வந்து, பருவக்காற்றுத் திரும்பியதும் தம் ஊர் மீண்டனர். அவர்கள் விட்டுச்சென்ற புளியமரங்கள் அக்கரையில் இன்றும் நிற்கின்றன. இவ்வணிகம் 1907-ஆம் ஆண்டளவில் முடிவுற்றது.

1788 ஜனவரி 26-ல் பதினொரு கப்பல்களில் சிட்னி வந்தடைந்த பிரிட்டிஷார் வேறு நோக்கமுடையவர். அவர்களுள் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் தண்டனைக் கைதிகள். மறு ஆண்டிலேயே பெரியம்மை நோய் சிட்னியைச் சுற்றியிருந்த பூர்வகுடிகளைப் பெருவாரியாக மாய்த்தது. நிலம் உடன்படிக்கையால் பெறப்படவில்லை. 1835-ல் ஆளுநர் பர்க், அந்நிலம் பிரிட்டிஷ் முடிக்குரிய வெற்று நிலமெனவும், பூர்வகுடிகளோடு தனியார் செய்யும் ஒப்பந்தம் செல்லாதெனவும் பிரகடனம் செய்தார்.

3. ஏரிக்கரையில் இருவர்

நாகர்கோவிலிலும் சேலத்திலும் பணியாற்றிய இலண்டன் மிஷனெரி சங்கத்தை நாம் அறிவோம். அச்சங்கத்தின் ஊழியரான லான்ஸலட் த்ரெல்கெல்ட் 1825-ல் சிட்னிக்கு வடக்கேயுள்ள மக்குவாரி ஏரிப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். செலவுகளைக் குறித்துச் சங்கத்தோடு பிணக்கு ஏற்பட்டபின் அரசின் உதவியோடு 1841 வரை அங்கு உழைத்தார். அவருக்கு மொழியைக் கற்பித்தவர் அப்பகுதிப் பூர்வகுடியினரான பிராபான். இருவரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக 1834-ல் இலக்கண நூலொன்று வெளியாயிற்று. லூக்கா சுவிசேஷமும் அம்மொழியில் பெயர்க்கப்பட்டது. ஆனால் இருவரும் மறைந்து பல்லாண்டுகள் சென்றபின், 1892-ல்தான் அது அச்சேறியது.

த்ரெல்கெல்ட் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். குடியேறியோர் செய்த கொலைகளைத் தம் ஆண்டறிக்கைகளில் பதிவு செய்தார். அவ்வாறு பதிவு செய்வது ஏன் தேவைப்பட்டது என்பதை அடுத்துக் காண்போம்.

4. சத்தியப் பிரமாணம்

ஆங்கிலச் சட்டத்தின்படி, பொய்யைத் தண்டிக்கும் கடவுளை நம்பி ஆணையிடுபவரே சாட்சி கூறலாம். கல்கத்தாவின் இந்துச் சாட்சிகள் தம் சமய முறைப்படி அளித்த சாட்சியத்தை 1744-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. அவர்களும் கடவுளை நம்புவோர் என்பதே காரணம். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு அத்தகைய நம்பிக்கை இல்லையெனக் கொள்ளப்பட்டமையால் அவ்வாயில் அடைபட்டது. ஆனால் 1836-ல் மரல் வழக்கில், பூர்வகுடிகள் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டவரே எனத் தீர்ப்பாயிற்று. குற்றவாளிக் கூண்டில் அவர்கள் நிற்கலாம். சாட்சிக் கூண்டில் நிற்கலாகாது!

இதன் விளைவு 1838 ஜூன் 10-ல் நிகழ்ந்த மயல் கிரீக் படுகொலையில் வெளிப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் முதியோருமாகக் குறைந்தது 28 பேர் வெட்டுண்டு மாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட பதினொருவர் முதல் விசாரணையில் விடுதலையாயினர். மறு விசாரணையில் எழுவர் குற்றவாளிகளெனக் காணப்பட்டு அவ்வாண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய நால்வருக்கு எதிராகத் தேவைப்பட்ட சாட்சி, டேவி என்னும் பூர்வகுடி இளைஞன். ஆணையின் பொருளை அவன் கற்றறிந்தாலன்றிச் சாட்சி கூறல் இயலாது. அவன் காணாமற்போனான், நால்வரும் 1839-ல் விடுவிக்கப்பட்டனர்.

ஆணையின்றிச் சாட்சியம் ஏற்கும் சட்டமொன்று 1839-ல் நியூ சவுத் வேல்ஸில் இயற்றப்பட்டது. இலண்டன் அதற்கு இசைவு மறுத்தது. பின்னர் 1843-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அனுமதி அளித்தபோது, காலனியின் சட்டமன்றம் அதனைப் பயன்படுத்த மறுத்தது. 1876-ல்தான் அக்காலனியில் தடை நீங்கிற்று. அதற்குள் நிலத்தின் பெரும்பகுதி கைமாறிவிட்டது.

5. மெர் தீவின் சாட்சிகள்

திருச்சபைகள் எக்காலத்தும் த்ரெல்கெல்டின் வழியே நடந்தன எனக் கூறுதற்கில்லை. பிற்காலத்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் மிஷன் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசுவது பல இடங்களில் தடுக்கப்பட்டது. இவ்வுண்மையை மறைத்து எழுதும் மிஷன் வரலாறு முழுமையானதன்று.

எனினும் வரலாறு அங்கு முடிவுறவில்லை. டோரஸ் நீரிணையிலுள்ள மெர் தீவின் எடி கொய்கி மாபோவும் மற்றவர்களும் தம் நிலவுரிமைக்காக 1982-ல் வழக்குத் தொடுத்தனர். எல்லைகள் எவை, தந்தையிடமிருந்து மகனுக்குத் தோட்டம் எவ்வாறு சென்றது என்பவற்றைத் தீவினர் நீதிமன்றத்தில் தாமே எடுத்துரைத்தனர். 1992 ஜூன் 3-ல் உயர்நீதிமன்றம், ஆஸ்திரேலியா எவர்க்கும் உரிமையற்ற நிலமாய் இருந்ததென்னும் கோட்பாட்டைத் தள்ளி, தீவினரின் உரிமையை ஏற்றது. மாபோ ஐந்து மாதங்களுக்கு முன்பே மறைந்திருந்தார். வழக்காடியோருள் ஒருவராகிய டேவிட் பாசி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர்.

ஆணையிட அறியாதோர் என ஒதுக்கப்பட்ட பூர்வகுடிகளின் வழக்கில், கடவுளின் ஊழியர் ஒருவர் தம் முன்னோரின் நிலத்துக்காக வழக்காடி நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது. ‘சாட்சி’ என்னும் சொல்லைப் பிரசங்க பீடத்தில் நாம் இடைவிடாது வழங்குகின்றோம். சாட்சி கூறுவது ஊழியத்தின் ஒரு பாதியே. பிறர் கூறும் சாட்சியைக் கேட்பது அதன் மறுபாதி. பிராபானிடம் மாணாக்கனாய் அமர்ந்த த்ரெல்கெல்ட் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.